கரையோரக் கேள்விகள்: மழைக்கு முந்திய கடற்கரை

கேள்வி: அண்ணா, அக்டோபர் இரண்டாவது வாரத்தில் எனக்கும் கணவருக்கும் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. மாமியாருக்கு 68 வயது, ஊர் தரங்கம்பாடி. சிங்கப்பூர் ஈசூனில் 12வது மாடியில் எங்களோடு இருக்கிறார். கடலைப் பார்த்து மூன்று வருஷம் ஆச்சு என்று அடிக்கடி சொல்கிறார். முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 6 வயது. கூட்டமில்லாத கடற்கரையாக வேண்டும். கணவர் புக்கெட் மலிவாக இருக்கிறது என்கிறார். தோழி தியோமான் போகச் சொல்கிறாள். எங்கே போகலாம்? (ஈசூன் வாசகி)

பதில்: தங்கச்சி, மாமியார் கேட்டதை ஞாபகம் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். சுற்றுலாப் பேருந்து ஓட்டி 26 வருஷம் ஜொகூர்க் கரையோரமெல்லாம் சுற்றியவன் நான். நான் சொல்வது தெசாரு, மலேசியாவில் ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் புக்கெட். அந்தத் தீவு அந்தமான் கடல் பக்கம் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று நேராக அந்தக் கரையில்தான் வந்து அடிக்கும். அக்டோபரில் அறை மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். கரையில் சிவப்புக் கொடி பறக்கும், இறங்க விடமாட்டார்கள். காசு கொடுத்துப் போய்க் குழந்தையை நீச்சல் குளத்தில் விட்டுவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் எதற்கு?

தியோமான் தீவு அழகு, மறுக்க முடியாது. அதிலும் கிழக்குப் பக்கத்து ஜுவாரா கிராமத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் நீளமான மணல் முழுக்க உங்களுக்குத்தான். ஆனால் உங்கள் மாமியாருக்கு நான் சொல்லமாட்டேன். அந்தத் தீவுக்குப் படகு கிளம்புகிற மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைவு. நீர் ஏறினால்தான் படகு போக முடியும். நீர் ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், அதோடு படகு நேரமும் மாறும். படகுத்துறையில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். அதன்பிறகு ஆடுகிற படகிலிருந்து படியில் கால் வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரரை அந்தப் படியில் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். தீவில் இருந்த மூன்று நாளும் திரும்பி இறங்குவதைப் பற்றியேதான் அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார். இன்னொன்று, நவம்பரில் வாடைக் காற்று தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் விடுதிகள் பலவும் மூடிவிடும். அக்டோபர் அதற்கு முந்தைய வாசற்படி. ஒருமுறை அக்டோபர் கடைசியில் 30 பேரைக் கூட்டிக்கொண்டு மெர்சிங் வரை போய், கடல் சரியில்லை என்று படகு எடுக்காமல், அங்கேயே ஓர் இரவு தங்கித் திரும்பினோம்.

தெசாருவுக்குக் கடைசி வரை வண்டியிலேயே போய்விடலாம். 77 கிலோமீட்டர் செனாய் - தெசாரு நெடுஞ்சாலை வந்தபிறகு, ஜொகூர்ப் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் சேர்ந்துவிடலாம். செவ்வாய், புதன், வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அதனால் இப்போது அவர்கள் கூட்டமும் நம் கூட்டமும் ஒரே நாளில் சேர்ந்துகொள்கிறது. சொந்தக் காரில் போவதானால் நுழைவு அனுமதி வாங்கியாயிற்றா, தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே நம் சிங்கப்பூர் வண்டிக்கு ரான் 95 ரகப் பெட்ரோல் போடக்கூடாது, 97தான். சாங்கி முனையிலிருந்து பெங்கராங்குக்குச் சின்னப் படகு ஒன்றும் உண்டு. 12 பேர் சேர்ந்தால் கிளம்பிவிடும். எனக்குப் பிடித்த பயணம், ஆனால் அதிலும் ஏறி இறங்க முழங்கால் வேண்டும்.

‘ரு’ என்றால் மலாயில் சவுக்கு. தெசாரு என்ற பெயரிலேயே சவுக்கு மரம் இருக்கிறது. காலையில் அந்த மரங்களுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு மாமியாரை உட்கார வையுங்கள். காற்றில் சவுக்கு இரைகிற சத்தம் அவருக்குப் புதிதாக இருக்காது, தரங்கம்பாடிப் பக்கமும் சவுக்குத் தோப்புகள் உண்டு. பக்கத்திலேயே தஞ்சோங் பாலாவ் என்கிற மீன்பிடி கிராமம் இருக்கிறது. ஒரு காலைப் பொழுதை அங்கே கழியுங்கள். வலையைப் பிரித்து உலர்த்தி, அறுந்த கண்ணிகளை ஊசியால் பின்னிக்கொண்டிருப்பார்கள். என் பேருந்தில் வந்த நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், மலாய் ஒரு வார்த்தை தெரியாதவர், அந்த ஊசியைக் கையில் வாங்கி நாலு கண்ணி பின்னிக் காட்டினார். அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். நான் ஹாரன் அடிக்கவில்லை.

இனிமேல் சொல்வதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். கூட்டமில்லாத கரை என்றால், தண்ணீரில் இறங்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கவும் ஆளில்லை என்று அர்த்தம். தெசாரு தென்சீனக் கடலை நேராகப் பார்த்த கரை. வரிசையாக வெள்ளை அலை உடைந்துகொண்டிருக்கும். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கறுத்து, சாந்தமாகத் தெரியும். குழந்தையோடு வருகிறவர்கள் இங்கேதான் அலை இல்லை என்று அங்கேயே இறங்குவார்கள். அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அதுதான். என் கண் முன்னால், நன்றாக நீந்தத் தெரிந்த ஓர் ஆள் அந்தக் கறுப்புத் தண்ணீரில் இறங்கினார். நான் டீயை இரண்டு மடக்குக் குடிப்பதற்குள் தலை மட்டும் தூரத்தில் தெரிந்தது. அவர் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல், மல்லாந்து மிதந்து கையைத் தூக்கினார். மீன்காரர்கள் இரண்டு பேர் படகெடுத்துப் போய்த் தூக்கி வந்தார்கள். இழுக்கிறது என்று தெரிந்தால் மிதக்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிவிட வேண்டும். மகளுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், அதுவும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு.

மழையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அக்டோபரில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடி மின்னலோடு கொட்டும். காலை 7 முதல் 11 வரை கடல், மதியம் தூக்கம், வெறித்தால் மாலை நடை. இடி கேட்டதும் சவுக்கு மரத்தடியில் நிற்காமல் அறைக்குள் வந்துவிடுங்கள். நாள் எப்படி என்று மாமியாரையே கேளுங்களேன். கொண்டலும் வாடையும் பார்த்து வளர்ந்தவர் வானத்தைப் பார்த்தே சொல்வார்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். தனியாக ஒரு நாள் கடலோரம் உட்கார்ந்து வர வேண்டும். கடப்பிதழ் எடுக்க மனமில்லை. (பிடோக் வாசகர்)

பதில்: லாசரஸ் தீவுக்குப் போங்கள் ஐயா. மரினா சவுத் படகுத்துறையில் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு எடுத்து, அங்கிருந்து இணைப்புப் பாதை வழியே நடந்தால் வளைவான வெள்ளை மணல் வரும். அலை அதிகம் இருக்காது. வார நாளில் போங்கள். தண்ணீர், சாப்பாடு, குடை கையோடு இருக்கட்டும். இறங்கியதுமே திரும்புகிற கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் முடியாத நாளில், நீர் வற்றுகிற நேரம் பார்த்து சாங்கிக் கடற்கரைக்குப் போங்கள். ஈர மணலில் மிளகு அளவுக்கு உருண்டை உருண்டையாக மணல் சிதறிக் கிடக்கும். விரல் நகம் அளவுகூட இல்லாத நண்டுகள் மணலை வாயில் போட்டுச் சத்தை எடுத்துக்கொண்டு உருட்டிப் போட்டவை. அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொன்றாக வளையிலிருந்து வெளியே வரும். அடுத்து நீர் ஏறும்போது எல்லா உருண்டையும் கரைந்துவிடும். நான் மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்கிறேன்.

கேள்வி: சொறிமீன் பட்டால் சிறுநீர் ஊற்ற வேண்டும் என்கிறார்களே, உண்மையா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. மணல் போட்டுத் தேய்க்கவும் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவவும் கூடாது. நம் பக்கத்துக் கடல்களுக்கு வினிகர்தான் சரி. அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்: இங்கே சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. வினிகர் ஒரு சின்னப் பாட்டில் என் பேருந்தில் எப்போதும் இருக்கும். கடற்கரைப் பையில் நீங்களும் ஒன்று வையுங்கள்.