வயதான செல்லப் பிராணிக்குப் புதிய காப்பீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் நாய்க்கு இப்போது 10 வயது. குட்டியாக இருந்தபோதே எடுத்த காப்பீட்டை ஆண்டு தவறாமல் புதுப்பித்து வருகிறோம். இம்முறை வந்துள்ள அறிவிப்பில் பிரீமியம் சென்ற ஆண்டைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருக்கிறது. வேறொரு நிறுவனம் இதில் பாதித் தொகைக்கே பாலிசி தருவதாகச் சொல்கிறது. 3 ஆண்டுகளுக்கு முன் இடது பின்னங்காலில் முழங்கால் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. காதில் அவ்வப்போது சீழ் பிடிக்கும். மற்றபடி நலமாகவே இருக்கிறது. நிறுவனத்தை மாற்றிவிடலாமா?

பதில்: புதிய நிறுவனம் எந்தெந்த நோய்களுக்குப் பணம் தராது என்பது எழுத்து வடிவில் உங்கள் கைக்கு வரும்வரை பழைய பாலிசியை ரத்து செய்யாதீர்கள். வயதான பிராணிக்குக் காப்பீடு தேடும்போது பிரீமியத்தை முதலில் பார்ப்பது இயல்பு என்றாலும், உண்மையான விலை அந்த விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது.

இப்போதைய நிறுவனத்தில் இருக்கும்போது தொடங்கிய நோய்களுக்கு, பாலிசி இடைவெளியின்றித் தொடரும்வரை, அதன் விதிகளுக்கு உட்பட்டுப் பணம் கிடைத்து வருகிறது. நிறுவனத்தை மாற்றிய அன்றே அவை அனைத்தும் "ஏற்கெனவே உள்ள நோய்கள்" ஆகிவிடும்; அவற்றைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. உங்கள் நாய் விஷயத்தில் இது இடது முழங்காலோடு நின்றுவிடாது. ஒரு முழங்காலில் தசைநார் அறுந்த நாய்க்கு மற்ற முழங்காலிலும் அது அறுவது அடிக்கடி நிகழ்வதால், ஒரு பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் மறுபக்கத்தையும் விலக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. அதேபோல, திரும்பத் திரும்ப வரும் காது அழற்சிக்குத் தோல் ஒவ்வாமை அடிப்படைக் காரணமாக இருப்பது நாய்களில் சாதாரணம் என்பதால், காதோடு சேர்த்துத் தோல் நோய்களையும் ஒதுக்கிவிட இடமுண்டு. இரண்டு முழங்கால்களும் காதுகளும் தோலும் நீங்கிய ஒரு பாலிசி பாதி விலைக்குக் கிடைப்பது மலிவுதானா என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நோய் எப்போது கண்டறியப்பட்டது என்பதை மட்டும் நிறுவனங்கள் பார்ப்பதில்லை. அதன் அறிகுறி எப்போது முதலில் தென்பட்டது என்பதையும் பார்க்கின்றன. "சில வாரங்களாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறது" என்று தடுப்பூசி போட்ட நாளில் நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னதை மருத்துவர் ஒரு வரியில் குறித்து வைத்திருந்தால், பின்னாளில் நீரிழிவோ சிறுநீரக நோயோ தெரியவரும்போது அந்த ஒரு வரியையே காட்டி, நோய் பாலிசிக்கு முன்பே இருந்தது என்று மறுக்க முடியும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் கால்நடை மருத்துவமனையிலிருந்து முழு மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கி, வரி விடாமல் படியுங்கள். எழுதப்பட்டதில் உண்மையிலேயே பிழை இருந்தால், எடுத்துக்காட்டாக வலது காலுக்குப் பதில் இடது கால் என்று பதிவாகியிருந்தால், திருத்தித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். உண்மையை மாற்றி எழுதச் சொல்லக் கூடாது. அவரும் அதற்கு உடன்பட மாட்டார்.

நகல் கிடைத்ததும் அதைப் புதிய நிறுவனத்துக்கு அனுப்பி, விலக்குகளை முன்கூட்டியே எழுதித் தரும்படி கேளுங்கள். சில நிறுவனங்கள் பாலிசி எடுத்த பிறகே மருத்துவக் குறிப்புகளை ஆராயும்; அப்படியானால், பணத்தைத் திரும்பப் பெற்று விலகிக்கொள்ள அனுமதிக்கும் ஆரம்ப நாட்களுக்குள்ளேயே அந்த ஆய்வை முடித்துத் தரச் சொல்லுங்கள். ஒருமுறை வந்து முற்றிலும் குணமாகி, குறிப்பிட்ட காலம் அறிகுறியே இல்லாமலிருந்த நோயை மீண்டும் ஏற்கும் நிறுவனங்களும் உள்ளன. காது அழற்சிக்கு அந்தச் சலுகை கிடைக்க வாய்ப்புண்டு. முழங்காலுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்து மாறுவதென்று முடிவெடுத்தாலும் காத்திருப்புக் காலத்தை மறக்கக் கூடாது. விபத்துக்குச் சில நாட்கள், நோய்க்குப் பெரும்பாலும் 14 நாட்கள், முழங்கால், இடுப்பு மூட்டுப் பிரச்சினைகளுக்குச் சில பாலிசிகளில் 6 மாதங்கள் வரைகூட அது நீளும். அந்தக் காலத்தில் தோன்றும் நோயும் விலக்கப்படும் என்பதால், குறைந்தது நோய்க்கான காத்திருப்பு முடியும்வரையாவது இரண்டு பாலிசிகளும் கையில் இருக்கட்டும். ஒரு மாதப் பிரீமியம் கூடுதலாகச் செலவாகும். அந்த வயதில் அது வீண் செலவல்ல.

இருக்கும் நிறுவனத்திலேயே பிரீமியத்தைக் குறைக்க வழியுண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் முதலில் ஏற்கும் நிலையான தொகையைக் கூட்டினால் பிரீமியம் குறையும். பிராணி குறிப்பிட்ட வயதைத் தாண்டியதும், இந்த நிலையான தொகையோடு ஒவ்வொரு கட்டணத்திலும் ஒரு சதவீதத்தையும் உரிமையாளர் ஏற்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. கட்டணம் 100, நிலையான தொகை 20, உங்கள் சதவீதம் 20 என்று வைத்துக்கொள்வோம். நிலையான தொகையை முதலில் கழித்தால் உங்களுக்கு 64 கிடைக்கும். சதவீதத்தை முதலில் கழித்தால் 60தான் கிடைக்கும். எது முதலில் கழிக்கப்படும் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். ஆண்டு உச்ச வரம்பைக் குறைத்தும் பிரீமியத்தை இறக்கலாம், ஆனால் பின்னர் மீண்டும் கூட்ட விரும்பினால் அதைப் புதிய காப்பீடாகக் கருதி, இடையில் வந்த நோய்களை விலக்கும் நிலை ஏற்படலாம்.

நீங்கள் தந்த விவரங்களை மட்டும் வைத்துச் சொல்வதானால், நான் பழைய நிறுவனத்திலேயே இருப்பேன்.

கேள்வி: காப்பகத்திலிருந்து ஒரு பூனையைத் தத்தெடுத்திருக்கிறேன். பல்லைப் பார்த்து 9 முதல் 11 வயது இருக்கலாம் என்கிறார் மருத்துவர். விண்ணப்பத்தில் எந்த வயதை எழுதுவது? காப்பீடு எடுத்த பிறகு இரத்தப் பரிசோதனை செய்தால் போதும் என்று தோழி சொல்கிறாள், அது சரியா?

பதில்: மருத்துவரின் மதிப்பீட்டை அவர் கையொப்பத்துடன் எழுதி வாங்கி, வயது உறுதியாகத் தெரியாது என்பதையும் சொல்லி, அந்தக் கடிதத்தையே விண்ணப்பத்தோடு இணையுங்கள். புதிதாகச் சேர்வதற்கு உச்ச வயது வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு என்பதால் குறைத்து எழுதத் தோன்றும். அப்படி எழுதி, பின்னர் பணம் கோரும்போது உண்மை வெளிப்பட்டால் பாலிசியே செல்லாததாகிவிடக்கூடும்.

உங்கள் தோழி சொல்வதன் பின்னாலுள்ள கணக்கு எனக்குப் புரிகிறது. முதலில் பரிசோதித்து நோய் தெரிந்துவிட்டால் அதற்குக் காப்பீடு கிடைக்காது. ஆனாலும் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த வயதுப் பூனைகளில் நாட்பட்ட சிறுநீரக நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை பரவலாகக் காணப்படுகின்றன. மூன்றுமே வெளியே தெரியாமல் வளரக்கூடியவை. சீக்கிரம் கண்டறிந்தால் நல்ல முறையில் கட்டுப்படுத்தக்கூடியவை. இரத்த அழுத்தம் கவனிக்கப்படாமல் போனால் பூனை திடீரெனப் பார்வையை இழக்க நேரிடும். பூனை மெலிந்தோ சோர்ந்தோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். நன்றாக உண்டு நடமாடுகிறது என்றால், இந்த வாரமே விண்ணப்பத்தையும் அனுப்பிப் பரிசோதனைக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள். வயதான பிராணியைச் சேர்க்கும் முன் பரிசோதனை அறிக்கையைக் கட்டாயமாகக் கேட்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நோய்க்கு 12 மாதங்கள் மட்டும் பணம் தரும் வகையைத் தவிருங்கள். முதுமையில் வரும் நோய்களில் பல வாழ்நாள் முழுவதும் தொடர்பவை. புதுப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வரம்பு புதிதாகத் தொடங்கும் வகையே உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: என் பூனைக்கு 14 வயது, சிறுநீரக நோய் உறுதியாகிவிட்டது. கேட்ட நிறுவனங்கள் எல்லாமே மறுத்துவிட்டன. இனி என்ன செய்வது?

பதில்: விபத்துக்கு மட்டுமான பாலிசியை அந்த வயதிலும் சில நிறுவனங்கள் தரலாம், ஆனால் வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சிறுநீரக நோயின் செலவில் பெரும்பகுதி முன்கூட்டியே கணக்கிடக்கூடியது: சிறப்பு உணவு, சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள், இரத்த அழுத்தம் பார்ப்பது, தேவைப்பட்டால் மருந்துகள். ஓர் ஆண்டுக்கு இவை எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டு, அதை 12 ஆகப் பிரித்து, தனிச் சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் போட்டு வாருங்கள். நீரிழப்பு ஏற்பட்டுச் சில நாட்கள் மருத்துவமனையில் வைக்க நேர்ந்தால் ஆகும் செலவையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவணையில் செலுத்த அந்த மருத்துவமனை அனுமதிக்குமா என்பதையும் அவசரம் வரும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.