பாக்கெட்டின் நிறத்தை மாற்றினால் ருசி மாறிவிட்டதாக வாடிக்கையாளர்கள் சொல்வார்களா?

சொல்வார்கள். நீங்கள் புதுக் கவர் அடிக்கப் போகிறீர்கள் போலிருக்கிறது. அச்சகத்தில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே சுக்குக் காப்பிப் பொடி அரைத்து விற்கிறோம். சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய், உடன்குடிக் கருப்பட்டி, அவ்வளவுதான். 6 வருஷமாகக் காப்பிக்கொட்டை நிறத்தில்தான் கவர். "இயற்கைச் சரக்குன்னா பச்சைதான் அண்ணாச்சி எடுபடும்" என்று அச்சகக்காரர் சொன்னதைக் கேட்டு, பச்சையில் 5,000 அடித்தேன்.

பத்தே நாளில் ஆரம்பித்தது. "துளசி சேத்திருக்கியளா?" "இனிப்பக் கொறச்சிட்டியளோ?" "கசாயம் மாதிரில்லா இருக்கு!" ஒரு டீச்சரம்மா பாக்கெட்டைத் திருப்பியே கொடுத்துவிட்டார். கருப்பட்டி விலை ஏறியிருந்த நேரம் வேறு. நான் சீனி கலக்கிறேன் என்று தெருவில் பேச்சு. நானும் வாயை அடக்காமல் இரண்டு பேரிடம் சண்டைக்குப் போனேன்.

"பக்குவம் மாறியிருக்கும், மறைக்கிறாய்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: பழைய கவர் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரே அரைவையை இரண்டு கவரிலும் போட்டுத்தான் கொடுத்தோம். பழைய கவரில் வாங்கினவர் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை.

பெரிய கம்பெனிக்கே நடந்திருக்கிறது. 2011இல் கோகோ கோலா, பனிக்கரடிகளைக் காப்பாற்றும் பிரச்சாரத்துக்காக வெள்ளை டின் இறக்கியது. உள்ளே அதே பானம். ஆனால் ருசி மாறிவிட்டது என்று சிலர் புகார் செய்ய, வெள்ளி நிற டின்னில் வரும் சர்க்கரையில்லாத டயட் கோக் என்று நினைத்துச் சிலர் குழம்ப, சீக்கிரமே சிவப்புக்குத் திரும்பினார்கள். நாக்கில் படுவதற்கு முன்பே கண் பார்த்ததை வைத்து மூளை ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது. பச்சையைப் பார்த்தவர் குடிக்கும் முன்பே கசாயத்துக்குத் தயாராகிவிடுகிறார். பெட்டிக்கடையில் பிள்ளைகள் லேஸை "நீலப் பாக்கெட்" என்றுதானே கேட்கிறார்கள்? அந்த நீலத்திலேயே அவர்களுக்கு மசாலா காரம் வந்துவிடுகிறது. ஆக, என் ஆட்கள் பொய் சொல்லவில்லை. துளசி இல்லாத பொடியில் அவர்களுக்கு நிஜமாகவே துளசி தெரிந்திருக்கிறது. எனக்கு இது உறைப்பதற்குள் டீச்சரம்மா வேறு கடைக்குப் போய்விட்டார்.

இப்போது பழைய நிறம்தான். மிச்சமிருக்கும் பச்சைக் கவர் பரணில் கிடக்கிறது, சொந்தக்காரர்களுக்கு அதில் போட்டுக் கொடுக்கிறோம். பொங்கலுக்கு வந்த மச்சினன் 12 பாக்கெட் தூக்கிக்கொண்டு போனார். நிறத்தைப் பற்றியும் கேட்கவில்லை, விலையைப் பற்றியும் கேட்கவில்லை.