பரிணாமப் பாடமும் மகளின் விசுவாசமும்

சகோதரரே, கடலூரில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் பரிணாமப் பாடத்திற்குப் பின் ஜெபிக்கவே தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பாடத்தையோ வேதத்தையோ மூடிவைக்கும்படி அவளை வற்புறுத்தாதீர்கள். புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருவக்கரையின் கல்மரப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மரத்தின் வரி மாறாமல் கல்லாகிக் கிடக்கும் அந்த அடிமரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையானவை. அவள் தொட்டுப் பார்க்கட்டும்.

ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை விட்டுக்கொடுக்காமலேயே, மனித உடலின் தோற்றத்தைப் பரிணாமக் கோணத்தில் ஆராயத் தடையில்லை என்று 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதினார்; 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோளைவிட மேலானது என்றார். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று வேதம் சொல்வதை எழுத்துப்படி ஏற்கும் சபைகளும் உண்டு.

இயேசுவின் உயிர்த்தெழுதலைப் பற்றி அவள் கேட்டால், இயற்கை வழக்கமாக எப்படி இயங்குகிறது என்பதையே அறிவியல் ஆராய்கிறது, அற்புதமோ அந்த வழக்கத்தை மீறிக் கடவுள் செய்ததாக நாம் விசுவசிப்பது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.