பாதியில் விட்ட கந்தசஷ்டி விரதம்: பதில்

வணக்கம். போன வருடம் மூன்றாம் நாளே மயக்கம் வந்து கந்தசஷ்டி விரதத்தைப் பாதியில் விட்டதாகவும், முருகன் கோபிப்பார் என்று ஓர் உறவினர் சொல்வதால் பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அதைத் தெய்வக் குற்றமாக ஏன் பார்க்க வேண்டும்?

சூரசம்ஹாரக் கதையையே பாருங்கள். மாமரமாக நின்ற சூரபத்மனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயிலாகி வாகனமானது, மறு பாதி சேவலாகிக் கொடியில் ஏறியது. அத்தனை கொடுமை செய்த எதிரியையே கூட வைத்துக்கொண்டவர், மயங்கி விழுந்த பக்தரைத் தண்டிப்பாரா? முருகன் கையில் உள்ள வேல் ஞானத்தின் அடையாளம் என்று சொல்வார்கள். கூர்மை, அகலம், ஆழம் மூன்றும் அதற்கு உண்டு. உங்களைப் பயமுறுத்தும் அந்த உறவினருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்பாரா தெரியாது!

விரதத்திலும் ஒரே முறை கிடையாது. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் ஆறு நாளும் பால், பழம் மட்டும் எடுப்பவர்கள் உண்டு. ஒருவேளைச் சோறு சாப்பிடுபவர்களும் உண்டு. உங்களுக்குப் பட்டினி வேண்டாம். மூன்று வேளையும் எளிய சைவ உணவு, காலையும் மாலையும் விளக்கேற்றிப் பாராயணம், முடிந்தால் ஆறாம் நாள் கோயில், ஏழாம் நாள் திருக்கல்யாணம். உணவைக் குறைத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் முதலில் மருத்துவரிடம் மாத்திரை அளவைக் கேளுங்கள். அப்புறம், நடுவில் கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரையை வாயில் போடுங்கள்.