மதுரையில் வேண்டாம், திருச்சியில் தங்குங்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் தக்கலையிலிருந்து சென்னைக்குக் காரில் போகிறோம். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நான்கு. மூட்டுவலிக்கார மாமியாரும் வருகிறார். இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், விடியும்போது சென்னையில் இருக்கலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மகளுக்குக் காரில் ஏறினாலே குமட்டும். வழியில் எங்கே நிறுத்துவது, எங்கே தங்குவது?
– வாசகி, தக்கலை

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி, சகோதரி. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஆள் ஓட்டவேண்டும். இரவு இரண்டு மணிக்கு மேல் எப்பேர்ப்பட்ட ஓட்டுநருக்கும் கண் சொக்கும். நான்குவழிச் சாலையின் ஓரத்தில் பின்விளக்கு எரியாமல் லாரிகள் நிற்கும் நேரமும் அதுதான். தூங்குகிற குழந்தை பெல்ட்டிலிருந்து நழுவிச் சீட்டில் சுருண்டுவிடும். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அபராதம் கிடக்கட்டும். திடீரென்று பிரேக் போட்டால் அந்த நான்கு வயதுக் குழந்தை எங்கே போய் மோதும் என்று உங்கள் கணவரை ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்லுங்கள்.

பகலில், இரண்டு நாளாகப் போங்கள். நம் ஊர்க்காரர்கள் பலர் மீனாட்சியம்மனைக் கும்பிட்ட மாதிரியும் ஆகும் என்று மதுரையில் தங்குவார்கள். கோயிலுக்கென்றே போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் நாகர்கோவிலிலிருந்து மதுரை சுமார் 240 கிலோமீட்டர்தான். மறுநாள் களைத்த பிள்ளைகளோடு இன்னும் 460 கிலோமீட்டர் போகவேண்டியிருக்கும். திருச்சியில் தங்கினால் வழி ஏறக்குறைய சரிபாதியாகிவிடும்.

காலை ஐந்தரைக்கே வீட்டை விட்டு இறங்குங்கள். தக்கலை – நாகர்கோவில் சாலையின் வளைவும் நெரிசலும்தான் உங்கள் மகளுக்கு முதல் சோதனை. பள்ளி, கல்லூரிப் பேருந்துகள் இல்லாவிட்டாலும் ஏழு மணிக்கு மேல் அந்தச் சாலையில் நின்று நின்றுதான் நகரமுடியும். வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், வயிறு நிறைய ஊட்டியும் ஏற்றாதீர்கள். ஒரு மட்டிப்பழம் போதும். கைபேசியைக் கண்ணில் காட்டவேண்டாம். ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தலில் முதல் நிறுத்தம். ஓட்டுநர்கள் பலர் அங்கே இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். நீங்களும் இறங்கி, குழந்தையின் முகத்தில் கணவாய்க் காற்று படும்படி பத்து நிமிடம் நில்லுங்கள். குழந்தை கேட்பதற்கு முன்பே நிறுத்துவதுதான் முக்கியம். குமட்டுகிறது என்று அவள் சொன்ன பிறகு நிறுத்த இடம் தேடினால் காரைக் கழுவ வேண்டியதுதான். காற்றாலைகள் ஆடி மாதத்தில் சுழல்வதுபோல டிசம்பரில் சுழலாது, இருந்தாலும் எண்ணிப் பார்க்க மகனுக்கு ஒரு வேலை.

அடுத்தது கயத்தாறு. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட ஊர். நினைவிடத்தில் மகனுக்கு அந்தக் கதையைச் சொல்லலாம், மகள் ஓடியாடலாம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். மதிய உணவு திருமங்கலத்துக்கு முன்னால் முடியட்டும். எந்த உணவகமானாலும் உட்காருவதற்கு முன் கழிவறையை நீங்கள் போய்ப் பார்த்துவிடுங்கள். நாறினால் தயங்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். மதுரை நகருக்குள் நுழையாமல் சுற்றுச்சாலை வழியாக மேலூர் சாலையைப் பிடியுங்கள்.

மூன்று மூன்றரைக்கு விராலிமலை. இந்த வழியில் பிள்ளைகளுக்கென்று ஓரிடம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். மலை சிறியது, மேலே முருகன், சுற்றிலும் மயில்கள். என் பேத்தி கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தபோது, தோகை தரையில் உரச ஒரு மயில் பாறை மேல் நடந்து வந்தது. கடித்த முறுக்கைக்கூட மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். மாமியார் படி ஏறவேண்டாம், அடிவாரத்திலேயே இருக்கட்டும். குரங்குகள் வரும், தின்பண்டப் பையைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

அங்கிருந்து திருச்சி முப்பது கிலோமீட்டர்தான், இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடலாம். விடுதிக்கு முன்கூட்டியே போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, உட்கார்ந்து பயன்படுத்தும் கழிவறையா, சாலையைப் பார்க்காத அறை கிடைக்குமா. மூட்டுவலிக்காரருக்கு முதல் இரண்டும் இல்லாவிட்டால் இரவெல்லாம் வேதனை.

இரண்டாம் நாள் பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லான மரத்தைக் காட்டலாம். நீளம் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி ஆண்டு. ஒருகாலத்தில் அங்கே கடல் இருந்தது என்று சொன்னால் கடலைப் பார்த்து வளர்ந்த பையன் வாயைப் பிளப்பான். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகவேண்டும், காலையில் சீக்கிரம் கிளம்பினால் மட்டும் போங்கள். வேடந்தாங்கலைத் திரும்பி வரும்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அங்கே நின்றால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை மாலை நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். திரும்பும்போது விடியலில் சென்னையை விட்டால் வெயில் ஏறுமுன் பறவைகளைப் பார்த்துவிடலாம்.

கேள்வி: ஆறு மாதக் கைக்குழந்தையுடன் மதுரை போகிறேன். வழியில் பால் கொடுக்க எங்கே நிறுத்துவது?
– வாசகி, குலசேகரம்

பதில்: தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார் பாலூட்டும் அறைகள் உண்டு. காரில் போனாலும் தாராளமாக உள்ளே போய்ப் பயன்படுத்தலாம். ஓடும் காரில் மட்டும் மடியில் வைத்துக் கொடுக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, குழந்தை பால் குடித்து ஏப்பம் விட்டபிறகு கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தவேண்டியிருக்கும் என்று கூடவருகிறவர்களிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.