தூராம் பந்தாட்டத்தோடு நின்றிருக்க வேண்டுமா?

கேள்வி: பிரான்சின் முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர் லிலியான் தூராம் உலகக் கிண்ணம் வென்ற மாவீரர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இனவாதம், அடிமை முறை என்று புத்தகம் எழுதுவதும் மேடை ஏறுவதுமாக இருக்கிறாரே, ஒரு பந்தாட்டக்காரருக்கு இது தேவைதானா? பயிற்றுவிப்பாளராகி நாலு இளையர்களை உருவாக்கியிருக்கலாமே?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: நீங்கள் அவரை மாவீரர் என்று அழைப்பது எதற்காக என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 1998ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி, நம் நேரப்படி அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கிய உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டத்தைக் கண் விழித்துப் பார்த்தவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். (நானும் பார்த்தேன், மறுநாள் அலுவலகத்தில் நான் தூங்கி வழிந்ததைச் சக ஊழியர்கள் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.) இடைவேளை முடிந்த கையோடு குரோவேஷியாவின் சூக்கர் கோல் போட்டார். அவர் ஆஃப்சைடு (பந்து வரும்போது எதிரணித் தற்காப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு) ஆகாமல் தப்பியதற்குக் காரணம், சக தற்காப்பு ஆட்டக்காரர்கள் முன்னேறிய பிறகும் தூராம் பின்தங்கி நின்றதுதான். அடுத்த நிமிடமே தூராம் குரோவேஷியாவின் போபானிடமிருந்து பந்தைப் பறித்து, சக ஆட்டக்காரர் ஜோர்காயெஃப் திருப்பித் தந்ததை வலைக்குள் செலுத்தினார். எழுபதாவது நிமிடத்தில், பழக்கமில்லாத இடது காலால் இன்னொன்று. பிரான்சுக்காக அவர் ஆடிய 142 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் அந்த இரண்டு மட்டுமே. எதிராளி கோல் போடாமல் பார்த்துக்கொள்வதே தொழிலாக இருந்தவரை, தொழிலுக்குப் புறம்பாக அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

நம் ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோயில் வியட்நாமுக்கு எதிரான, தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ண இறுதி ஆட்டத்தில், தற்காப்பு ஆட்டக்காரரான சசிகுமாரின் தோளில் பட்டுச் சென்ற பந்துதான் சிங்கப்பூருக்குக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தது. அவர் பின்னாளில் விளையாட்டுச் சந்தைப்படுத்தும் நிறுவனம் தொடங்கினார். 'பந்தாட்டக்காரருக்கு வியாபாரம் எதற்கு?' என்று எனக்கு ஒரு வாசகர்கூட எழுதியதில்லை. ஆகவே, ஆட்டக்காரர் வேறு வேலைக்குப் போவது உங்களுக்கு உறுத்தவில்லை. தூராம் தேர்ந்துகொண்ட வேலைதான் உறுத்துகிறது.

'ஓய்வு பெற்ற பிறகு' என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. 1972இல் கரீபியத் தீவான குவாதலூப்பில் பிறந்த தூராம், துப்புரவு வேலை செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்த தாயோடு வாழ ஒன்பது வயதில் பாரிஸ் வட்டாரத்துக்கு வந்தார். அப்போது பிரெஞ்சுத் தொலைக்காட்சிச் சித்திரத் தொடர் ஒன்றில் இரண்டு பசுக்கள் வரும். வெள்ளைப் பசு அறிவாளி, கறுப்புப் பசு அசடு. வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு அந்தக் கறுப்புப் பசுவின் பெயரை வைத்தார்கள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டபோது, 'மனிதர்கள் அப்படித்தான், அது மாறாது' என்றாராம் அம்மா. அந்தப் பதிலை ஏற்க முடியாமல்தான் இந்தப் பேச்சே தொடங்கியது என்று தூராம் பலமுறை சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கும் பள்ளியில் பட்டப்பெயர்கள் விழுந்திருக்கின்றன. அவை என்னென்ன என்பதை நான் அச்சிடத் தேவையில்லை. இன நல்லிணக்க நாளன்று அவர்களுக்கு வேட்டியும் சேலையும் உடுத்திப் படம் எடுத்து அனுப்பும் நம் வீடுகளில்தான், நிறம் குறைந்த பிள்ளையைக் 'கருவாயா' என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

மொனாக்கோ, பார்மா, யுவெண்டஸ், பார்சிலோனா என்று அவர் ஆடிய மன்றங்களையும் வென்ற கிண்ணங்களையும் நீங்களே அறிவீர்கள். 2005இல் பாரிஸ் புறநகர்களில் கலவரம் வெடித்தபோது, அங்குள்ள இளையர்களை இழிவாகப் பேசிய உள்துறை அமைச்சர் சார்க்கோசிக்கு வெளிப்படையாகப் பதில் சொன்னவர், அன்றைக்கு இன்னும் தேசியக் குழுவில் இருந்த தூராம். மறு ஆண்டு பாரிஸ் அருகே கஷான் நகரில் ஒரு கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட, பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வந்த மக்களைத் தம் விருந்தினர்களாக அழைத்து, பிரான்ஸ்-இத்தாலி ஆட்டத்தைப் பார்க்க வைத்தார். 2008இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் மன்றத்தில் சேரும் முன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு தெரியவந்ததால் காலணியைக் கழற்றினார். அதே ஆண்டு, இனவாதத்துக்கு எதிராகப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் அறநிறுவனத்தை அமைத்தார்.

2011இல் பாரிஸ் அரும்பொருளகம் ஒன்றில் மனிதக் காட்சிசாலைகளைப் பற்றிய கண்காட்சிக்கு அவர் தலைமை ஏற்றார். ஐரோப்பியர் ஆண்ட குடியேற்ற நாட்டு மக்களைக் கூண்டு விலங்குகளைப் போல் காசு வாங்கிக்கொண்டு காட்டிய வரலாறு அது. 1931இல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் கனாக் மக்களைப் பாரிசுக்குக் கொண்டுவந்து, நரமாமிசம் தின்பவர்கள் என்று சொல்லிக் காட்சிக்கு வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை முதலைகளுக்கு ஈடாக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அப்படிக் காட்சிக்கு வைக்கப்பட்டவர்களில் ஒருவர், 1998 உலகக் கிண்ணக் குழுவில் தூராமோடு ஆடிய கிறிஸ்டியன் கரம்பெயின் கொள்ளுத் தாத்தா. இந்தக் கதையைச் சொல்ல ஒரு பந்தாட்டக்காரர் எதற்கு என்று இப்போதும் கேட்பீர்களா?

அவர் சொல்வதையெல்லாம் நான் ஏற்கிறேன் என்று எண்ண வேண்டாம். 2019இல் இத்தாலியத் திடல் ஒன்றில் கறுப்பின ஆட்டக்காரர் லுக்காக்குவைக் குரங்கொலி எழுப்பிக் கேலி செய்த சம்பவத்தை ஒட்டி, வெள்ளையர்கள் தங்களை உயர்ந்தவர்களாகக் கருதுகிறார்கள் என்ற பொருளில் அவர் பேசினார். அது பிரான்சில் பெரும் சர்ச்சை ஆயிற்று. பிறகு விளக்கம் தந்தார் என்றாலும், ஓர் இனத்தையே ஒரே வாக்கியத்தில் அடக்கிய அந்தச் சொற்களை அவர் தவிர்த்திருக்க வேண்டும். அன்று சூக்கருக்கு வழிவிட்டதைப் போல அதுவும் இடம் தப்பி நின்ற கணம்தான்.

இளையர்களை உருவாக்கவில்லையே என்கிறீர்கள். அவருடைய மகன்கள் மார்க்கஸ், கெஃப்ரன் இருவருமே பிரான்சுக்காக ஆடியிருக்கிறார்கள். கறுப்பின உரிமைத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் பெயரைத் தாங்கிய மூத்தவர் 2022 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் களமிறங்கினார். 2024 ஜூனில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காக ஜெர்மனியில் இருந்தபோது, செய்தியாளர்கள் முன் அமர்ந்து, தீவிர வலதுசாரிக் கட்சி ஆட்சிக்கு வராமல் தடுக்கப் போராட வேண்டும் என்று தம் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.