கையில் 30 ஆயிரம்தான் இருக்கிறது. ஏஐ லேப்டாப் மலிவாகும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். மகள் பி.காம். சேரப்போகிறாள், இப்போது வாங்கினால் பணம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக உறவினர் யாராவது உங்களைக் குழப்பியிருப்பார். என் அக்கா வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏஐ விஷயம். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 'கோபைலட் பிளஸ்' வகை லேப்டாப்புக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனிப் பகுதி சிப்பில் இருக்க வேண்டும். ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம், 16 ஜிபி வேண்டும். லேப்டாப்புக்குள்ளேயே நடக்கும் சில வேலைகளுக்குத்தான் அது. உங்கள் மகள் பிரௌசரில் திறந்து கேட்கப்போகும் சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் எங்கோ இருக்கும் அந்தந்த நிறுவனத்தின் பெரிய கணினிகளில், அதாவது சர்வரில், ஓடுபவை. அதற்கு ஒழுங்கான இன்டர்நெட் இருந்தால் போதும். விலையும் இறங்கவில்லை. நினைவகச் சிப்புகளை ஏஐ சர்வர்களே அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. நினைவகச் சிப் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் 'குரூஷியல்' ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பகுதி) வியாபாரத்தையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் பொறுத்திருந்து என்ன லாபம்?

என் அக்கா திருச்சியில் தையல் வேலை செய்கிறார். மகளுக்கு லேப்டாப் வாங்க அவர் சேர்த்திருந்த தொகை உங்களுடையதைவிடக் குறைவு. நானும் கூடப் போனேன். ஷோரூமில் முதலில் காட்டியது இன்டெலின் மலிவு வகைச் சிப்பான செலரான் என்4500 போட்ட புது லேப்டாப். பார்க்க அழகாக, மெலிதாக இருந்தது. "படிக்கிற பிள்ளைக்கு இது தாராளம் சார்" என்றார் விற்பனையாளர். ரேம் எவ்வளவு, அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொன்னேன். ரேம் 4 ஜிபி. அதில் பாதிக்கு மேல் எதையும் திறக்கும் முன்பே நிரம்பியிருந்தது. சேமிப்பகம் 64 ஜிபி இஎம்எம்சி. மதர்போர்டிலேயே ஒட்டி வருவது அது. கழற்றிப் பெரியதாக மாற்ற முடியாது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் இடத்தைப் பிடித்த பிறகு பிள்ளையின் கோப்புகளுக்கு என்ன மிஞ்சும்?

அடுத்து, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யு சிப் போட்ட லேப்டாப். "லேட்டஸ்ட் சீரிஸ்" என்று அழுத்திச் சொன்னார்கள். அந்த எண்ணின் முதல் இலக்கமான 7, அது எந்த ஆண்டு வரிசை என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எது என்பது மூன்றாவது இலக்கத்தில் இருக்கிறது. அங்கே 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு. 2021-இல் வந்த 5500யு-வும் அதே ஜென் 2 தான், ஆனால் அதில் ஆறு கோர், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள் ஆறு. புதிய எண் போட்ட இதில் நான்குதான். எண்ணைப் பார்த்தே ஏமாறும்படி பெயர் வைக்கிறார்கள். ஒரு தாய் ராத்திரியெல்லாம் மிஷின் மிதித்துச் சேர்த்த பணத்துக்கு முன்னால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கடைசியில் நாங்கள் வாங்கியது லெனோவோவின் பழைய திங்க்பேட் டி480 லேப்டாப். 2018-இல் அலுவலகங்களுக்காக வந்த மாடல். இன்டெலின் 8-ஆம் தலைமுறை ஐ5 சிப், நான்கு கோர். ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருப்பதால் கடையிலேயே 16 ஜிபி ஆக்கிக்கொண்டோம். பேட்டரியும் இரண்டு, உள்ளே ஒன்று, பின்பக்கத் தாழ்ப்பாளை நகர்த்தினால் கையோடு வருவது இன்னொன்று. விண்டோஸில் கட்டளை தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தபோது, வெளி பேட்டரி தன் ஆரம்பக் கொள்ளளவில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. அதைக் காட்டிப் பேசி, புதிய பேட்டரி போடவைத்தோம். மொத்தம் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். அக்கா மகள் எக்செல்லும் டேலியும் பிரௌசரும் ஒன்றாகத் திறந்து வைத்துத் தடையில்லாமல் படிக்கிறாள்.

இதற்குத்தான் ஒரு விசேஷ வீட்டில், "பெண் பிள்ளைக்கு யாரோ தூக்கிப் போட்டதையா வாங்கிக் கொடுத்தாய்?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார்கள். அக்கா தலைகுனிந்து நின்றார். அந்த வலி இன்னும் எனக்கு ஆறவில்லை.

பழைய பொருளுக்கு வாரன்டி ஏது என்று இங்கேயும் சிலர் கேட்பார்கள். எங்களுக்குக் கடையில் ஆறு மாதம் எழுதிக் கொடுத்தார்கள். புதியதற்கும் பெரும்பாலும் ஓராண்டுதானே? அதன் பிறகு மதர்போர்டோடு ஒட்டிய ரேம் போனால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். எனக்கு எந்தக் கடையோடும் தொடர்பில்லை. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை படிப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் பெண் படிக்கும் கல்லூரியில் ஒவ்வொரு பருவத்துக்கும் கம்ப்யூட்டர் லேப் கட்டணம் வாங்குகிறார்கள். ஆனால், வகுப்பு நேரம் முடிந்ததும் லேப் பூட்டியே கிடக்கிறது. "சொந்த லேப்டாப் கட்டாயம்" என்று சுற்றறிக்கை வேறு. அந்த அறையை மாலை ஆறு மணிவரை திறந்து வைத்தால் எத்தனை வீடுகளில் கடன் மிச்சமாகும்! பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன்; "பார்க்கிறோம்" என்றார்கள்.

நீங்கள் பழையது வாங்கினால் இரண்டை விடாதீர்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் 6, 7-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஐ5-8250யு என்பதுபோலக் கோட்டுக்குப் பின் வரும் எண் 8, 9 என்றோ 10, 11 என்றோ தொடங்குகிறதா என்று பாருங்கள். அடுத்தது, பணம் கொடுக்கும் முன் கடையிலேயே விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் பெயரோடு அலுவலக மின்னஞ்சல் கேட்டால், அந்த நிறுவனம் தன் பதிவிலிருந்து அதை இன்னும் நீக்கவில்லை என்று பொருள். அதை அங்கேயே வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். பில்லில் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.